மறைக்குறி

மின்விசிறியை நிறுத்தினால்தான் குரல் தெளிவு.
நிறுத்தினேன்.
கதிரை மேல் கதிரை, அதன் மேல் பழைய மா ரின்,
அதில் சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டிய போன்.
மல்லாவியில் இரவு எட்டு மணி.
வெறும் வகுப்பறையில், இல்லாத நாற்பது பேரிடம்
"விளங்குதா?" என்று கேட்டுவிட்டு
விளங்கியதாக நானே எடுத்துக்கொண்டு
அடுத்த வரிக்குப் போகிறேன்.

பதினான்காம் பாடம், பகுதிகளாகத் தொகையிடல்.
பன்னிரண்டாம் நிமிடத்தில் வயல் பக்கம் யானை வெடி.
சோக்கட்டி கைதவறி விழுந்ததும் பதிவாகியிருக்கிறது.
"அதை வெட்டிவிடு" என்றேன் கஜீபனிடம்.
"இருக்கட்டும் ரீச்சர்,
வெடிக்குப் பிறகு வாற படிதான் முக்கியம் எண்டு
பெடியள் அடையாளம் வைப்பினம்."

வீட்டில் சிக்னல் ஒரு கோடு,
அதுவும் கிணற்றடியில்.
பாடத்தை ஏற்ற வவுனிக்குளக் கட்டுக்குப் போனேன்.
எழுபத்தொன்று வீதம்,
எண்பத்தெட்டு,
தொண்ணூற்றொன்பதில் நின்றுகொண்டது.
நூறை அணுகும், நூறாகாது;
எல்லை பற்றிய என் நாலாம் பாடத்தை
போன் எனக்கே திருப்பி நடத்தியது.
ஒரே நுளம்பு.
தண்ணீருக்குள் லாம்போடு ஒரு தோணி.
"ஆரது கட்டில? என்ன பிடிக்கிறியள்?"
"சிக்னல்" என்றேன்.

மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
இறக்கிக்கொண்டார்கள்.
டேற்றா இல்லாதவர்களுக்குச் சிப்பில் ஏற்றி
அம்பகாமம் வரைக்கும் போனதாம்.
எனக்குப் பெருமைதான்,
மறைப்பானேன்.

நாலாம் நாள் விடிய மூன்றரைக்கு
தெரியாத இலக்கம்.
"ரீச்சர், மாங்குளத்திலயிருந்து தவரூபன்.
வெதுப்பகத்தில வேலை.
மா பொங்குமட்டும் உங்கட பாடம் பாப்பன்.
இருபத்திரண்டாம் நிமிசம், நாலாவது வரி.
சைனைத் தொகையிட்டால்
மறை கோசைன் எல்லோ வரவேணும்?"

எழும்பியிருந்து பார்த்தேன்.
மறை இல்லை.
பெயருக்கேற்ப மறைந்திருந்தது.
அந்த இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்,
ஆனாலும் முகம் சுட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டு கொப்பிகளில்
நேராகிப்போன என் ஒரு மறை.
கரும்பலகை என்றால் துடைத்திருப்பேன்.
இதை எந்தத் துணியால்?

கதையை மாற்ற,
"எந்த வருசச் சோதினை, தம்பி?" என்றேன்.
தட்டுகள் உரசும் சத்தம் கொஞ்ச நேரம்.
"ஒன்பதாம் ஆண்டு எழுதியிருக்கவேணும்.
இனி எழுதுறதுக்கில்லை ரீச்சர்.
எங்களுக்கு இதுக்கு முதல் அத்தியாயத்தோட
வகுப்பு நிண்டது.
பிறகு என்ன வந்தது எண்டு பாக்கிறன்."

என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.
தம்பி என்றுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவா, நன்றி சொல்லவா என்று
நான் தடுமாற, அவரே தொடர்ந்தார்:
"மேசையில தூவின மாவில
விரலால எழுதிப் பாத்தன்.
மறை போட்டு, பிறகு வகையிட்டால்
தொடங்கின இடத்துக்கே வருது. வடிவாய் வருது."
அந்த வரிகளின் மேல்தான்
மாவைப் போட்டு உருட்டியிருப்பார்கள்.
விடிய வவுனியா பஸ்ஸில்
யாரோ கடித்த பணிசில்
இருந்திருக்கும் என் மறைக்குறி.

பாடத்தை நான் அழிக்கவில்லை.
வெள்ளிக்கிழமை மறுபடி
கதிரை மேல் கதிரை, மா ரின், ரியூப்.
மின்விசிறி நின்றது.
"போன பாடத்தில நான் ஒரு பிழை விட்டனான்.
இருபத்திரண்டாம் நிமிசம்.
முதல்ல அதைக் கண்டுபிடியுங்கோ."

பிறகு பேசாமல் நின்றேன்.
கண்டுபிடிக்க நேரம் வேண்டுமே.
பதிவில் அது நாற்பது விநாடி,
என் மூச்சு,
தூரத்தில் ஒரு வெடி,
கதவருகே வந்து எட்டிப்பார்த்துப் போகும் நாய்.

கஜீபன் அதையும் வெட்டவில்லை.